ஆனியில் வரும் மல்கோவா

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டாயிற்று. கோடை விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனாரும் அவளுடைய குழந்தைகளும் ரயில் ஏறியாயிற்று. கூடையில் மிச்சமிருந்த பங்கனப்பள்ளியில் கடைசி ஒன்று அழுகிக் குப்பைத் தொட்டிக்கும் போயாயிற்று. "அப்பாடா, இந்த வருஷத்து மாம்பழம் முடிந்தது!" என்று நீங்கள் பெருமூச்சு விடுகிற அந்தச் சமயம் பார்த்துத் தெருக்கோடிப் பழக்கடையில் ஒரு புதிய வரவு உட்கார்ந்திருக்கும்.

குண்டாக, கனமாக, பச்சையும் மஞ்சளுமாக, காயோ பழமோ என்று சந்தேகம் வரும்படி இருக்கும். விலை கேட்பீர்கள். கடைக்காரர் சொல்லுவார். "அம்மாடி!" என்று சொல்லிவிட்டு, அரை டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

நீங்கள் விட்டுவிட்டு வந்ததுதான் மல்கோவா.

நம் குழந்தைகளுக்குப் பழக்கமான பெயர்தான் அது. பாலர் வகுப்பில் சேருவதற்கு முன்பே பாட்டிலே அதைப் பாடிவிடுகிறார்கள். ஆனால் பாட்டிலே தெரிந்த பழம் நாக்கிலே தெரியுமா என்று நான்கைந்து வீடுகளில் விசாரித்துப் பார்த்தேன். பாதிப் பேர் வீட்டில் தெரியவில்லை. "மல்கோவாவா? வாங்கியிருக்கிறோமே, சித்திரையிலே!" என்றார் ஒரு அம்மாள். சித்திரையில் அவருக்கு மல்கோவா விற்ற கடைக்காரர் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. மல்கோவா சித்திரையில் வருகிற பழம் அல்ல. வைகாசி பாதிக்கு மேல் தலை காட்டி, ஆனியில் நன்றாக வந்து, சில தோட்டங்களில் ஆடி பிறந்த பிறகும் கிடைக்கிற கடைசிப் பந்திக்காரர் அவர்.

ஆளை அடையாளம் கண்டுகொள்வது கஷ்டம் இல்லை. மற்ற மாம்பழங்களுக்கு நீளம் உண்டு. கிளிமூக்குக்கு மூக்கே உண்டு. மல்கோவாவுக்கு அதெல்லாம் கிடையாது. ஏறக்குறைய உருண்டை, ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்த உருண்டை. காம்புக்கு இரு புறமும் தோள் உயர்ந்து நிற்கும். சாதாரணமாக ஒரு பழம் அரைக் கிலோ இருக்கும். நன்றாகத் தேறினது முக்கால் கிலோவைத் தொடும். அதற்கு மேலே போவதும் உண்டு. தோல் தடிமன். வெயில் பட்ட பக்கத்தில் லேசாகச் சிவப்பு ஓடியிருந்தாலும் இருக்கலாம். நன்றாகப் பழுத்த பிறகும் பச்சை முழுவதும் மாறுவதில்லை. இந்த ஒரு குணத்தினாலேயே அதற்கு எத்தனையோ வீடுகளில் கதவு அடைபட்டுப் போகிறது. நாம்தான் மஞ்சளைக் கண்டால் பழம் என்று நினைக்கிறவர்கள் ஆயிற்றே!

உள்ளே பாருங்கள். ஆழ்ந்த மஞ்சள் சதை, நார் என்பதே இல்லாமல் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். இத்தனை பெரிய பழத்துக்குக் கொட்டை சிறியது. ருசியைப் பற்றி எழுதுவது வீண் வேலை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சர்க்கரையைக் கரைத்து ஊற்றினாற் போன்ற வெறும் தித்திப்பு அல்ல அது. தித்திப்புக்கு அடியில் ஒரு கனமும், விழுங்கின பிறகு நாக்கில் நிற்கிற ஒரு வாசனையும் உண்டு. இப்பேர்ப்பட்ட பழத்தைப் பாலும் ஐஸும் விட்டு மிக்ஸியில் அரைத்துக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத் தோட்டத்தில் உதிர்ந்த எந்தப் பழமும் போதும்.

தாயாருக்குக் கொட்டை

நம் வீடுகளில் மாம்பழம் அறுக்கிற சாஸ்திரம் உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு கதுப்பும் குழந்தைகளுக்கு. ஓரத்துத் துண்டுகள் வீட்டுக்காரருக்கு. கொட்டை யாருக்கு? கேட்க வேண்டுமா? அரிவாள்மணையில் உட்கார்ந்தவளுக்கு! "எனக்குக் கொட்டைதான் பிடிக்கும்" என்று சொல்லிச் சொல்லியே தலைமுறை தலைமுறையாக நம் தாய்மார்கள் கொட்டையைச் சப்பி வந்திருக்கிறார்கள். பங்கனப்பள்ளியானால் கொட்டையோடு ஒரு சுற்றுச் சதையாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

மல்கோவாவில் அந்த வித்தை பலிக்காது. கொட்டை சிறிது, நாரும் இல்லை, சதை வழித்துக்கொண்டு வந்துவிடும். 'கொட்டை எனக்கு' என்று சொல்லுகிற அம்மாள் ஏமாந்துபோவாள். ஆகையால் மல்கோவாவை வேறு விதமாகத்தான் அறுக்க வேண்டும். தோலை வட்டமாகச் சீவிவிட்டு, கொட்டையைச் சுற்றிச் சதையைத் துண்டு துண்டாக எடுத்து ஒரு தட்டில் போட்டு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்கு வையுங்கள். உங்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு பழம் நாலு பேருக்குத் தாராளமாகப் போதும். விலையைக் கேட்டு நீங்கள் திரும்பி வந்தீர்களே, அந்த விலையை நாலால் வகுத்துப் பார்த்தால் அவ்வளவு பயங்கரமாக இராது.

ஏன் இந்தத் தாமதம்?

மாமரம் மார்கழி, தை மாதங்களில் பூக்கிறது. பூத்த நாளிலிருந்து காய் முற்றுவதற்கு ஜாதிக்குத் தக்கபடி சுமார் மூன்று மாதத்திலிருந்து ஐந்து மாதம் வரை ஆகும். செந்தூராவும் பங்கனப்பள்ளியும் சுருக்கமாக முடித்துக்கொள்கிற ஜாதி. மல்கோவா சாவகாசமாக வளருகிற ஜாதி.

சாவகாசம் நல்ல குணம்தான். ஆனால் மரத்தில் ஒவ்வொரு நாள் கூடுதலாகத் தொங்குவதும் ஒரு கண்டம் அல்லவா? சித்திரையில் அடிக்கிற சூறைக்காற்றில் சின்னக் காய்கள் ஆடித் தப்பித்துக்கொள்ளும். அரைக் கிலோக் காய் காம்பு ஒடிந்து கீழே விழும். அணிலும் வௌவாலும் அவரவர் பங்கை எடுத்துக்கொள்ளும். மழை வந்த பிறகு பழ ஈ பெருகும். அது முற்றின காயின் தோலில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும், வெளியே ஊசிக் குத்துப் போல ஒரு புள்ளிதான் தெரியும், அறுத்தால் புழு. இதற்காகவே இப்போது சில தோட்டக்காரர்கள் காய்க்குக் காய் காகித உறை போடுகிறார்கள்.

சில சமயம் வெளியே ஓட்டையே இல்லாத பழத்தை அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து ஒரு கறுத்த வண்டு நிதானமாக நடந்து வரும். குழந்தைகள், "அம்மா, இது எப்படி உள்ளே போயிற்று?" என்று கேட்கும். பெரியவர்களுக்கே தெரியாத விஷயம்! காய் பிஞ்சாக இருக்கும்போது தாய் வண்டு தோல் மேல் முட்டை வைக்கிறது. பொரிந்த புழு சதையைத் துளைத்துக்கொண்டு இளங்கொட்டைக்குள் போய்விடுகிறது. காய் வளர வளர, அது போன வழி தூர்ந்துவிடுகிறது. நீலத்தில் இது சகஜம், மல்கோவாவும் விதிவிலக்கல்ல. கொட்டையோடு வண்டை எறிந்துவிட்டு நல்ல சதையைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

இத்தனையும் தப்பி வந்தால், அதன் பிறகாவது ராஜ மரியாதை உண்டா? அதுதான் இல்லை. ஊரெல்லாம் இரண்டு மாதமாக மாம்பழம் தின்று அலுத்திருக்கிற வேளையில், பள்ளிக்கூடச் சம்பளமும் புத்தகச் செலவும் கையைக் கடிக்கிற வேளையில் அது வந்து நிற்கிறது. கல்யாணத்துக்கு, எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு வந்த சம்பந்தி மாதிரி!

கிணற்றடி மரங்கள்

சென்ற ஆனியில் இந்தப் பழத்தைத் தேடிக்கொண்டு சேலத்துக்குப் போனேன். சேர்வராயன் மலையடிவாரத்தில், அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி ஒரு தோட்டம். அதன் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டின ஓர் அம்மாள். காதில் கல்தோடு, கையில் தொரட்டிக் கம்பு. "வா கண்ணு, வெயிலிலே வந்திருக்கே, முதல்லே மோர் குடி" என்று உபசரித்து, கயிற்றுக் கட்டிலை மரத்தடியில் இழுத்துப் போட்டார்.

அறுபது எழுபது மரம் இருக்கும். பாதிக்கு மேல் பெங்களூரா, அதாவது நம் கிளிமூக்கு. மீதியில் கொஞ்சம் குண்டு, கொஞ்சம் இமாம்பசந்த். கிணற்றடிப் பக்கமாகப் பதினொரு மல்கோவா. அம்மாளின் கணவர் கல்யாணமான புதிதில் வைத்த ஒட்டுக் கன்றுகளாம். நான் எண்ணிப் பார்த்தேன்; ஏழுதான் மரமாக இருந்தன. நாலு வெறும் தூணாக நின்றன. கிளைகளையெல்லாம் வெட்டி, துளிர்த்த புதுத் தண்டுகளில் வேறு ஜாதியை ஒட்டுக் கட்டியிருந்தது. "மேல் ஒட்டு" என்கிறார்கள். வேர் மல்கோவாவுடையது, இனிமேல் காய்ப்பது கிளிமூக்கு.

"என் பையன் வேலைங்க கண்ணு. போன வருஷம் நாலுக்குப் பண்ணிட்டான். இந்தப் பழம் இறங்கினதும் பாக்கி ஏழுக்கும் ஆள் வரச்சொல்லி இருக்கான்."

பையன் (அவருக்கு ஐம்பது வயது) பக்கத்தில்தான் இருந்தார். கெட்டவர் அல்ல; கணக்குத் தெரிந்தவர். அவர் சொன்னதை நீங்களும் கேட்க வேண்டும்.

"பத்து மீட்டருக்கு ஒண்ணுன்னு வெச்சா ஏக்கருக்கு நாப்பது மரம்தானுங்க. மல்கோவா ஒரு வருஷம் பட்டா அடுத்த வருஷம் பட்டினி. பட்ட வருஷத்திலேயும் கிளிமூக்கு காய்க்கிறதிலே பாதி காய்க்காது. பூவைப் பார்த்துக் குத்தகைக்கு எடுக்க வர்றவங்க, மல்கோவா மரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீங்கன்னுதான் பேச்சைத் தொடங்குறாங்க. கிளிமூக்குன்னா கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஃபாக்டரிக்கு லாரியோட போயிடும். இதை யாருங்க தேடி வந்து வாங்குறாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெருக்கோடிக் கடையில் விலை கேட்டுவிட்டு வாழைப்பழத்தோடு திரும்பினவர்களில் நானும் ஒருவராயிற்றே!

மல்கோவாவின் கஞ்சத்தனம் ஊரறிந்த விஷயம். தோட்டக்கலைப் புத்தகங்களிலும் அதன் பெயருக்கு எதிரே இரண்டு குறிப்புத் தவறாமல் இருக்கும்: 'உயர்ந்த ருசி', 'குறைந்த காய்ப்பு'. மாம்பூங்கொத்து ஒன்றில் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். அவை காய்ப்பதே இல்லை. இரண்டு தன்மையும் உள்ள பூக்கள்தான் காய்க்கும். அவற்றுக்கும் ஈக்கள் வந்து மகரந்தம் சேர்க்க வேண்டும். பனியும் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் கெடுக்காமல் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு கொத்தில் ஒன்றோ இரண்டோ நின்றால் அதிர்ஷ்டம். எல்லா மாமரத்துக்கும் உள்ள கதைதான் இது. மல்கோவாவுக்கு அந்த ஒன்று இரண்டுமே சந்தேகம்!

இதைச் சரிப்படுத்த விஞ்ஞானிகள் முயலாமல் இல்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் மல்கோவாவுக்கு நீலத்தைக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நீலம் நமக்கு நன்றாகத் தெரிந்த பழம். சின்னது, மலிவானது, வருஷம் தவறாமல் காய்ப்பது. தில்லியில் உருவான மல்லிகா, ஆம்ரபாலி இரண்டுக்கும் அது ஒரு பக்கத்து உறவு. பெரியகுளத்துச் சம்பந்தத்தில் பிறந்ததற்குப் பி.கே.எம். 2 என்று பெயர். குழந்தை நன்றாகவே காய்க்கிறது. ஆனாலும் தாத்தா வீட்டுப் பெயரைச் சொல்லிக் கடையில் யாரும் அதைக் கேட்பதில்லை.

நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் ஒரே கேள்வி கேட்டார்.

"எம் பேத்திக்கு இந்த வருஷம் தலை ஆடி. கூட்டிக்கிட்டு வரப் போகும்போது சம்பந்தி வீட்டுக்குக் கூடையிலே என்னத்தை வைக்கிறது? கிளிமூக்கையா?"

பையன் தலையைச் சொறிந்துகொண்டார்.

கடல் கடந்த கொட்டை

இவ்வளவு அருமையான பழமானால், தின்ற கொட்டையைக் கொல்லையில் ஊன்றிவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஊன்றலாம், முளைக்கும், எட்டுப் பத்து வருஷத்தில் காய்க்கவும் செய்யும். ஆனால் மல்கோவா காய்க்காது! நம் நாட்டு மாங்கொட்டையில் பெரும்பாலும் ஒரே கருதான் இருக்கிறது. அதற்குத் தாய் மல்கோவா. தகப்பன் ஈ எந்த மரத்திலிருந்து வந்ததோ அந்த மரம். பிறக்கிற பிள்ளை யாரைக் கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஒட்டுக் கன்று வேண்டியிருக்கிறது.

இதற்கு உலகப் பிரசித்தி பெற்ற சாட்சி ஒன்று உண்டு. 1889-ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாய இலாகா, பம்பாய் ராஜதானியிலிருந்து ஒட்டு மாங்கன்றுகள் சிலவற்றைத் தருவித்தது. 'மல்கோபா' என்ற பெயர்ச் சீட்டோடு அவை ஃபிளாரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. 1894-95 குளிர்காலத்தில் அங்கே கொடிய உறைபனி. அதிலிருந்து ஒரே ஒரு மரந்தான் பிழைத்தது. எல்பிரிட்ஜ் கேல் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியரின் தோட்டத்து மரம் அது. 1898-இல் அது காய்த்தபோது, அதுவரையில் நார்ப் பழத்தையே மாம்பழம் என்று நினைத்திருந்த அந்த ஊர்க்காரர்கள் அசந்துபோனார்களாம்.

ஜான் ஹேடன் என்பவர் ராணுவத்தில் காப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். மல்கோபாக் கொட்டையில் முளைத்த நாற்றுகளைக் கேலிடமிருந்து வாங்கி, 1902-இல் கோகனட் குரோவ் என்ற இடத்தில் நட்டார். மறு வருஷமே அவர் காலமாகிவிட்டார். மரங்களை வளர்த்தவர் அவருடைய மனைவி ஃபிளாரன்ஸ். கணவன் நட்ட கன்றுகள் காய்ப்பதைப் பார்க்க அந்த அம்மாள் 1910 வரை காத்திருந்தார். காய்த்த மரங்களுள் ஒன்றில் தாயைப் போலவே இல்லாத, சிவந்த கன்னமுள்ள அழகிய பழங்கள்! அந்த மரத்துக்கு 'ஹேடன்' என்றே பெயர் வைத்தார்கள். தகப்பன் அந்த ஊர் நார் மாங்காயான 'டர்பன்டைன்' என்று பிற்காலத்து மரபுச் சோதனை காட்டியிருக்கிறது.

ஹேடனிலிருந்து ஃபிளாரிடாவின் மாம்பழ வியாபாரமே தொடங்கிற்று. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளில் மிகுதியாகக் காணப்படுகிற 'டாமி அட்கின்ஸ்' என்ற சிவப்பு மாம்பழம் ஹேடனுடைய வாரிசு. ஆக, அது மல்கோபாவுக்குப் பேத்தி முறை. அங்கே குடியிருக்கிற நம்மவர்களைக் கேளுங்கள்: "பார்க்க அழகு, நாளாவட்டத்தில் கெடாது, நார்தான் பல்லில் மாட்டும்" என்பார்கள். பாட்டியின் நாக்கு பேத்திக்கு வரவில்லை. ஆனால் பேத்திக்கு லாரியிலும் கப்பலிலும் அடிபடாமல் பிரயாணம் செய்யத் தெரிந்தது. உலகம் பேத்தியை எடுத்துக்கொண்டது.

அவசரக் கல்

போகட்டும், பாட்டி நம் ஊரில்தானே இருக்கிறாள்! கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலில் வாசனை. காம்படியில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நிறம் ஒரே சீராக எலுமிச்சை மஞ்சளாக இருந்து வாசனை மட்டும் இல்லாவிட்டால், அது 'கல்' வைத்த பழமாக இருக்கலாம். கால்சியம் கார்பைட் கல் ஈரம் பட்டால் அசிட்டிலின் என்ற வாயுவை விடுகிறது. அந்த வாயு முற்றாத காயின் தோலையும் மஞ்சளாக்கிவிடும். உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிராது. அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் முதலிய நஞ்சுகளும் கலந்திருக்கும். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் இது தெளிவாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது; அதற்கு முந்திய சட்டத்திலும் தடை இருந்தது. பழத்திலேயே இயல்பாக உண்டாகிற எத்திலீன் வாயுவை அளவோடு விட்டுப் பழுக்க வைப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறது. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

மல்கோவாவின் நிறத்தை நம்பி வாங்குகிறவர்கள்தான் கல்லுக்குத் தீனி போடுகிறவர்கள். பச்சையாக இருக்கிறதே என்று நாம் ஒதுக்குகிறோம். வியாபாரி மஞ்சளாக்கிக் கொண்டுவருகிறார். ஆகையால் பழமாக வாங்காமல் முற்றின காயாக வாங்கிக்கொள்ளுங்கள். தோள் காம்பைவிட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றின காய் அடியில் போய் உட்காரும். மிதக்கிறது இன்னும் தேறாத பிஞ்சு. அதை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் போட்டால் காம்புப் பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். தோலில் பட்டால் எரிச்சலெடுக்கிற பால் அது.

பிறகு வைக்கோலில் வையுங்கள். மாடி வீட்டில் வைக்கோலுக்கு எங்கே போவது? அரிசி டின் இருக்கிறதே, அதில் புதைத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு பழுத்த வாழைப்பழத்தை வைத்தால் இன்னும் சுருக்கமாகப் பழுக்கும். பழுக்காத காயை மட்டும் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடாதீர்கள். குளிரில் அது மரத்துப்போய், அப்புறம் எத்தனை நாள் வெளியே வைத்தாலும் சரியாகப் பழுக்காது, தோல் கறுத்துவிடும். நன்றாகப் பழுத்த பிறகு வேண்டுமானால் ஒரு மணி நேரம் உள்ளே வைத்து எடுக்கலாம்.

எப்போது அறுப்பது என்று கேட்டால் நாள் கணக்குச் சொல்ல முடியாது. அரிசி டின்னைத் திறந்ததும் சமையலறை முழுவதும் மணக்க வேண்டும். காம்படியில் கட்டைவிரலை வைத்தால் மெத்தென்று கொடுக்க வேண்டும். தோல் பச்சையாக இருந்தால் இருக்கட்டும்.

தோட்டத்தை விட்டு நான் புறப்படும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் தாயாருக்கும் பிள்ளைக்கும் ஒரு சமாதானம் ஏற்பட்டிருந்தது. கிணற்றை ஒட்டின மூன்று மரங்களை விட்டுவிடுவது. மற்ற நாலுக்கும் மேல் ஒட்டு. "மூணும் ஒரே வருஷத்திலே ஏமாத்தாது, ஒண்ணாவது காய்க்கும்" என்றார் அம்மாள். "காய்க்கலைன்னா அடுத்த வருஷம் என்னைக் கேட்கக் கூடாது" என்றார் பையன். பேத்தியின் ஆடிக் கூடைக்குப் பன்னிரண்டு காய் எண்ணி, காம்போடு பறித்து, தலைகீழாக வைத்துப் பால் வடிய விட்டிருந்தார்கள். அதற்கு வெளியே இரண்டு காயை எடுத்து, ஒரு பழந்துணியில் சுற்றி என் பையில் வைத்தார் அந்த அம்மாள்.

"வியாழக்கிழமைக்கு முன்னாலே கத்தியை வெச்சுடாதே, கண்ணு. சொல்லிட்டேன்."

பத்திரமாகக் கொண்டுவந்து அரிசி டின்னில் புதைத்தேன். செவ்வாய்க்கிழமை இரவே வாசனை வந்துவிட்டது, பொறுக்கவில்லை, புதன்கிழமை காலையில் ஒன்றை அறுத்துவிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் எல்லோரும் "பிரமாதம்!" என்றார்கள். எனக்கு மட்டும் அந்த அம்மாளிடம் என்ன சொல்வது என்று சங்கடமாக இருந்தது.

மற்றொன்றை வியாழக்கிழமை சாயங்காலம் அறுத்தோம். அன்றைக்கு ஒருவரும் பிரமாதம் என்று சொல்லவில்லை. தட்டு காலியாகிற வரையில் ஒருவரும் பேசவே இல்லை.